விழித்திருப்பவருக்குக் குழாய்: செடேஷன் பற்றிய ஒரு மறுப்பு

வாய் ஒரு விரலகலத்துக்கு மேல் திறக்காத நோயாளிகள் உண்டு. தீக்காயத் தழும்பு இழுத்துத் தாடை மார்போடு ஒட்டிப்போனவர்கள், நாக்கின் அடியில் புற்றுக்கட்டி வளர்ந்தவர்கள், பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி வீங்கியவர்கள் உண்டு. இவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்போது வழக்கமான வரிசை தலைகீழாகிறது. முதலில் மயக்கம், பிறகு மூச்சுக்குழலில் குழாய் என்பது மற்றவர்களுக்கு. இவர்களுக்கு முதலில் குழாய். அது சரியான இடத்தில் இருப்பது உறுதியான பிறகே மயக்கம். மயக்கம் கொடுத்துவிட்ட பின் குழாயும் நுழையாமல், முகமூடி வைத்து ஊதும் காற்றும் இறங்காமல் போனால், மூளை சேதமடையச் சில நிமிடங்களே போதும். விழித்திருப்பவரோ தம் மூச்சைத் தாமே பார்த்துக்கொள்கிறார். அந்த மூச்சுதான் இந்த முறைக்கு இருக்கும் காப்பு.

இந்த முறையைப் பற்றி ஆபரேஷன் தியேட்டர்களில் ஒரு கருத்து நிலைத்துவிட்டது. விழித்திருப்பவரின் மூக்கு வழியாகக் குழாய் விடுவது கொடுமை. நம் ஊர் நோயாளி தாங்கமாட்டார், கையைத் தட்டிவிடுவார். ஆகவே நரம்பில் ஊசி போட்டு நன்றாக அரைத்தூக்கத்தில் ஆழ்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இந்த அரைத்தூக்கம், அதாவது செடேஷன், எவ்வளவு நன்றாகப் பிடிக்கிறதோ அவ்வளவு சுலபமாகக் குழாய் இறங்கும் என்பது அந்தக் கருத்து. மயக்கவியல் படிக்கும் இளம் மருத்துவர்கள் முதலில் கேட்பதும் ‘என்ன செடேஷன் கொடுக்கலாம்’ என்றுதான். இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு. குழாயை இறங்கவிடுவது மரத்துப்போன தொண்டை. செடேஷன் துணைக்கு வரலாம், வராமலும் இருக்கலாம். தொண்டை சரியாக மரக்காததை மூடி மறைக்கச் செடேஷனைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இந்த முறையை உயிருக்கு ஆபத்தானதாக்குகிறது.

செட்டிநாட்டு வட்டாரத்தில் இது ஏட்டோடு நின்றுவிடும் பேச்சு அன்று. வெற்றிலைத் தட்டு இல்லாத விசேஷம் இங்கே இல்லை. விருந்து முடிந்து போடும் ஒரு வாய் வெற்றிலையை யாரும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுதும் கன்னத்தில் அடக்கிவைக்கும் பாக்கும் புகையிலையும்தான் கேடு. பாக்கு, வாயின் உட்சவ்வுக்கு அடியில் நாரிழைகளைப் படியவைத்துக் கன்னத்தை விறைக்கச் செய்கிறது. வாய் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. முதலில் காரம் பட்டால் எரிகிறது என்பார்கள். பிறகு இட்லியைப் பிட்டு உள்ளே தள்ள வேண்டியிருக்கிறது என்பார்கள். இந்தியாவில் இந்நோயை 1953இல் பம்பாயைச் சேர்ந்த எஸ். ஜி. ஜோஷி விவரித்தார். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. தமிழ்நாட்டில் 2013இல் குட்காவுக்கும் பான்மசாலாவுக்கும் தடை வந்தது. தடை புதிய நோயாளிகளைக் குறைக்கலாம். ஆனால் நாரிழை படிந்துவிட்ட கன்னம், பாக்கை நிறுத்தினாலும் பழையபடி இளகுவதில்லை. காரைக்குடி அரசு மருத்துவமனைக்கும், 2012இல் தொடங்கிய சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், அங்கிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் இத்தகைய வாய்கள் இன்னும் பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

முதலில் ‘கொடுமை’ என்ற வாதம். தொண்டை மரக்காமல் குழாய் விட்டால் அது கொடுமைதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குக் காரணம் நோயாளி விழித்திருப்பது அன்று, அவருடைய தொண்டைக்கு உணர்ச்சி இருப்பது. இரண்டையும் பிரித்துக் காட்டும் ஆய்வு ஒன்று 2008இல் பிரிட்டிஷ் மயக்கவியல் இதழில் வெளிவந்தது. இங்கிலாந்தில் பயிற்சி வகுப்புக்கு வந்த 200 மயக்கவியல் மருத்துவர்கள், எந்தச் செடேஷனும் இல்லாமல், லிக்னோகெய்னால் மரக்கவைத்த தம் சொந்த மூச்சுவழிக்குள் குழாய் விட்டுக்கொள்ள முன்வந்தார்கள். லிக்னோகெய்ன் அளவு கூடியதைக் காட்டும் சில்லறை அறிகுறிகள் சிலருக்கு வந்தன. ஆனால் செடேஷன் இல்லாததால் செய்யவே முடியாது என்ற நிலை ஏற்படவில்லை. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், தாமே விரும்பி வந்தவர்கள், அதனால் இது பொருந்தாது என்று சொல்லலாம். அச்சத்தைப் பொறுத்தவரை அந்த மறுப்பு நியாயமானது. வலியையும் குமட்டலையும் இருமலையும் பொறுத்தவரை அது நிற்காது. டாக்டரின் குரல்வளைக்கும் விவசாயியின் குரல்வளைக்கும் நரம்பு ஒன்றுதான்.

‘நம் ஊர் நோயாளி தாங்கமாட்டார்’ என்பது இதைவிடப் பலவீனமான வாதம். இதே நோயாளிகள்தான் அரசு மருத்துவமனைகளில் தொண்டைக்கு ஒரு ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டு, ஏறத்தாழ சுண்டுவிரல் கனமுள்ள எண்டோஸ்கோப்பை விழுங்கி, இரைப்பையைக் காட்டிவிட்டு எழுந்து பேருந்து ஏறிப் போகிறார்கள். இதே ஊர்ப் பெண்கள்தான் முதுகில் போட்ட ஊசியோடு, விழித்தபடியே சிசேரியன் முடிந்து, பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்கிறார்கள். எண்டோஸ்கோப்பைத் தாங்குகிறவர், குழாய்க்கு வழிகாட்டும், அதைவிட மெல்லிய பிராங்கோஸ்கோப்பை மரத்த தொண்டையில் தாங்கமாட்டார் என்பதற்கு ஆதாரம் எங்கும் இல்லை. நோயாளியின் பொறுமைக்குக் குறை சொல்வது, தயாரிப்புக்குக் கால்மணி நேரம் ஒதுக்க மனமில்லாததற்கு ஒரு சமாதானமாகவே பெரும்பாலும் பயன்படுகிறது.

அந்தத் தயாரிப்பு என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் வாதத்தின் மையம் விளங்கும். கன்னத்தில் புற்று, வாய் ஒரு விரல் அகலம், கொழுப்பு நீங்கலான எடை 45 கிலோ என்று ஒரு ஆச்சியை வைத்துக்கொள்வோம். மூக்கின் உணர்ச்சி ஐந்தாம் மண்டை நரம்பின் வழியே போகிறது. நாக்கின் பின்பகுதிக்கும் தொண்டைக்கும் ஒன்பதாம் நரம்பு. குரல்வளைக்கும் அதற்குக் கீழுள்ள மூச்சுக்குழலுக்கும் பத்தாம் நரம்பின் இரு கிளைகள். இந்த மூன்று பகுதிகளும் தனித்தனியே மரக்க வேண்டும். முதலில் எச்சில் வற்ற வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த மருந்து எச்சிலோடு வயிற்றுக்குப் போகும், சவ்வில் ஊறாது. அதற்காகத்தான் கிளைக்கோபைரோலேட் 0.2 மில்லிகிராம். தசையில் போட்டால் அது வேலை செய்ய அரைமணி நேரமாவது பிடிக்கும். நோயாளியை டேபிளில் ஏற்றிய பிறகு அவசரமாகப் போட்டால் பயன் பாதிதான். தொண்டை மரக்கவில்லை என்ற புகார்களை விசாரித்தால், பல இடங்களில் தவறு இந்த முதல் படியிலேயே நடந்திருக்கும்.

அடுத்து மூக்கில், ரத்தநாளங்களைச் சுருக்கும் மருந்து சில சொட்டு. ரத்தம் கசியாமல் இருக்கவும் துவாரம் அகலமாகவும். பிறகு 4 விழுக்காடு லிக்னோகெய்ன் 4 மில்லி நெபுலைசரில்; அது 160 மில்லிகிராம். 10 விழுக்காடு ஸ்பிரே ஒரு முறை அழுத்தினால் 10 மில்லிகிராம். மூக்குக்கும் தொண்டைக்குமாகப் பத்து முறை என்றால் 100. கழுத்தின் முன்புறம், குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே விரல் பட்டால் பள்ளமாகத் தெரியும் சவ்வின் வழியாக 2 விழுக்காடு மருந்து 3 மில்லி, அது 60. ஊசி உள்ளே போனதும் ஆச்சி ஒருமுறை பலமாக இருமுவார்; அந்த இருமலே மருந்தை மேலும் கீழும் பரப்பிவிடும். ஸ்கோப் உள்ளே போகும்போது அதன் துளை வழியாக இன்னொரு 60. மொத்தம் 380. கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு 9 மில்லிகிராம் என்பது பிரிட்டனின் கடின மூச்சுவழிச் சங்கம் வைத்துள்ள உச்சவரம்பு. 45 கிலோவுக்கு அது 405. முதியவர், ஈரல் கெட்டவர் என்றால் அந்த வரம்புக்கு வெகு கீழேயே நிற்க வேண்டும். 9 என்பது தாண்டக் கூடாத கோடு. தொட்டே ஆக வேண்டிய இலக்கு ஆகாது. இந்தக் கூட்டலைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் கைபோன போக்கில் ஸ்பிரே அடிக்கும் பழக்கமும் குற்றமே. உதடு மதமதப்பு, காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால் அது மருந்து ரத்தத்தில் ஏறுவதற்கான முன்னறிவிப்பு. அரைத்தூக்கத்தில் இருப்பவரால் அதைச் சொல்லவும் முடியாது. செடேஷனுக்கு எதிரான காரணங்களில் அதிகம் பேசப்படாதது இது.

எல்லாம் முடிந்ததும் உறிஞ்சு குழாயின் முனையால் தொண்டையின் பின்சுவரை மெதுவாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். குமட்டினால் இன்னும் மரக்கவில்லை என்று பொருள். பொறுத்திருந்து மீண்டும் மருந்து வைக்க வேண்டும். பல தோல்விகள் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்கோப்பை எடுத்ததால் வருபவை. குமட்டல் வருகிறது, நோயாளி தலையைத் திருப்புகிறார், உடனே ‘இன்னும் ஒரு மில்லி மிடாசோலம் போடு’ என்ற குரல் எழுகிறது. லிக்னோகெய்ன் தேவைப்படும் இடத்தில் செடேஷன் மருந்தான மிடாசோலம் போகிறது. நோயாளியின் எதிர்ப்பு மட்டும் அடங்குகிறது, உணர்ச்சி அடங்குவதில்லை.

இன்னொரு மருந்து பேச்சு. மரத்துப்போன தொண்டையில் காற்று ஓடுவது தெரியாது. அதனால் மூச்சு நின்றுவிட்டதாகவே நோயாளிக்குத் தோன்றும். இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பதற்றம் வராது. “ஆச்சி, தொண்டை கல்லு மாதிரி ஆயிடும், எச்சி முழுங்குறது தெரியாது, மூச்சே வரலைன்னு தோணும், ஆனா மூச்சு ஓடிக்கிட்டேதான் இருக்கும். முடியலைன்னா இந்தக் கையைத் தூக்குங்க, நான் நிறுத்திருவேன்” என்று சொல்லிவிட்டு, கையைத் தூக்கியதும் உண்மையிலேயே நிறுத்துகிற மருத்துவரிடம் பெரும்பாலோர் கையைத் தூக்குவதே இல்லை. இதற்குச் செலவு எதுவும் இல்லை. படுக்கவைக்காமல் சாய்த்து உட்காரவைப்பதும், கையைப் பிடித்துக்கொள்ள ஒரு செவிலியர் பக்கத்தில் நிற்பதும் அதே வகை.

இனி, செடேஷன் செய்வது என்ன என்று பார்க்கலாம். விழித்திருப்பவரின் தொண்டை தானாகத் திறந்திருப்பதில்லை; நாக்கை முன்னுக்கு இழுத்துப் பிடிக்கும் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் வேலை செய்கின்றன. தூக்கத்தில் அவை தளர்வதால்தான் குறட்டை வருகிறது. இயல்பான தொண்டை கொஞ்சம் சுருங்கினாலும் இடம் மிச்சமிருக்கும். கட்டியாலோ சீழாலோ ஏற்கெனவே சுருங்கியிருக்கும் தொண்டையில் மிச்சம் என்று எதுவுமே இல்லை. அங்கே தசை தளர்வதும் காற்று நிற்பதும் ஒன்றுதான். இதோடு, கரியமில வாயு ஏறினால் வேகமாக மூச்சுவிடச் சொல்லும் மூளையின் கட்டளையும் செடேஷனால் மழுங்குகிறது. மூச்சு குறைவதும் குறைந்ததை ஈடுகட்டும் உந்துதல் மறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன.

மிடாசோலம் கொஞ்சம், வலி நீக்கியான ஃபென்டனில் கொஞ்சம் என்று சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கை தியேட்டர்களில் பரவலாக இருக்கிறது. இதை 1990இலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆரோக்கியமான 12 தன்னார்வலர்களுக்கு மிடாசோலம் மட்டும் கொடுத்தபோது யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது பாதிப் பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது. இரண்டையும் சேர்த்தபோது 11 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, 6 பேருக்கு மூச்சு நின்றது. இவர்கள் யாருக்கும் தொண்டையில் கட்டி இல்லை, வாய் திறக்காத சிக்கல் இல்லை. தனித்தனியே சிறியதாகத் தெரியும் அளவுகள் சேரும்போது கூடுவதில்லை, பெருகுகின்றன. இந்தக் கலவையின் மேல், நோயாளி அசைகிறார் என்பதற்காக மயக்க மருந்தான புரோபஃபாலை 20 மில்லிகிராம் ஏற்றுபவர், விழித்த நிலையில் குழாய் விடும் முறையைக் கைவிட்டுவிட்டார். அதை அவர் இன்னும் அறியவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பழைய மருந்துகள் ஆபத்தானவை, இப்போது டெக்ஸ்மெடிடோமிடின் வந்துவிட்டது என்பது புதிய வாதம். இது கெட்டிக்காரத்தனமான மருந்துதான். தட்டினால் கண் திறந்து பதில் சொல்லும் அளவுக்கே உறக்கம் தருகிறது. மூச்சின் வேகத்தை அதிகம் குறைப்பதில்லை. அதிலிருந்து ‘மூச்சைத் தொடவே தொடாது’ என்ற முடிவுக்குப் போவது தாவல். ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் ஸ்வீடனில் செய்து 2019இல் வெளியான ஆய்வு, ஆக்சிஜன் குறைவுக்கும் கரியமில வாயுவுக்கும் உடல் காட்டும் எதிர்வினையை டெக்ஸ்மெடிடோமிடினும் புரோபஃபாலும் ஏறத்தாழ ஒரே அளவில் மழுக்குவதைக் காட்டியது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அது இறக்கும். கிலோவுக்கு அரை முதல் ஒரு மைக்ரோகிராம் வரையிலான தொடக்க அளவை நிதானமாக ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் துடிப்பு சரேலென விழும். மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து என்பதால், அதிகமாகிவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது.

மாற்று மருந்து இருக்கிறதே என்பார்கள். ஃபென்டனிலுக்கு நலோக்சோன், மிடாசோலத்துக்கு ஃப்ளூமாசெனில், உண்மைதான். புரோபஃபாலுக்கும் டெக்ஸ்மெடிடோமிடினுக்கும் மனிதர்களுக்குக் கொடுக்கும் மாற்று மருந்து இல்லை. இருப்பவையும் நரம்பில் ஏறி, ரத்தத்தில் சுற்றி, மூளையைச் சேர நேரம் பிடிக்கும். அதற்குள் அடைபட்ட தொண்டையில் காற்று போக வழி வேண்டுமே. ஃப்ளூமாசெனிலின் பலன் மிடாசோலத்தின் பலனுக்கு முன்பே தீர்ந்துவிடுவதால், தெளிந்தவர் வார்டுக்குப் போனபின் மீண்டும் சரியக்கூடும். மாற்று மருந்து கைவசம் இருக்க வேண்டும். அதை நம்பிச் செடேஷனைக் கூட்டக் கூடாது.

இதில் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, திமிறும் நோயாளியை மருந்தால் அடக்குவது. பல் சீழ் கீழ்த்தாடைக்கு அடியில் இறங்கி, நாக்கு மேலெழுந்து, எச்சில் வழிய, முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பவர் முகமூடியைப் பிடுங்கி எறிகிறார். படுக்கச் சொன்னால் எழுந்து உட்காருகிறார். கூட இருப்பவர்களைத் திட்டுகிறார். ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படுகிறது. அவர் ஒத்துழைக்காதவர் இல்லை. மூளைக்கு ஆக்சிஜன் குறைவதைத் தெரிவிக்கும் ஒரே மொழி அந்தத் திமிறல்தான். உட்கார்ந்தால் காற்று போகிறது, படுத்தால் நிற்கிறது என்பதை அவர் உடல் அறிந்திருக்கிறது. அந்த நிலையில் 2 மில்லிகிராம் மிடாசோலம் கொடுத்தால் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் மூச்சும் நிற்கும். மூச்சு இரைந்து சத்தம் கேட்கும் நோயாளி, ஆக்சிஜன் கொடுத்தும் அளவு ஏறாத நோயாளி, நினைவு தடுமாறுகிற நோயாளி ஆகிய மூவருக்கும் செடேஷன் ஒரு துளியும் கூடாது. அவர்களுக்கு உட்கார்ந்த நிலையில் ஆக்சிஜன், மரப்பு மருந்து, கத்தியோடு தயாராக நிற்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர். தேவைப்பட்டால் கழுத்தில் மரப்பூசி போட்டு விழித்த நிலையிலேயே மூச்சுக்குழலைத் திறப்பது. அடைப்பு முற்றியவருக்கு லிக்னோகெய்ன் ஸ்பிரேயே சில வேளைகளில் அடைப்பை முழுமையாக்கிவிடும் என்பதால், அந்த மருத்துவர் அறைக்கு வெளியே இல்லாமல் உள்ளே நிற்க வேண்டும்.

பிரிட்டனில் 2008 செப்டம்பரிலிருந்து ஓராண்டுக் காலம் மயக்கத்தின்போது நேர்ந்த பெரிய மூச்சுவழி விபத்துகளைத் தொகுத்து, 2011இல் வெளியிட்ட நான்காவது தேசியத் தணிக்கை அறிக்கை இதே பாடத்தை இரண்டு பக்கமாகவும் சொன்னது. விழித்த நிலையில் குழாய் விட்டிருக்க வேண்டிய பல நோயாளிகளுக்கு அது செய்யப்படவே இல்லை. செய்து தோற்ற சம்பவங்களிலும் நோயாளி ஒத்துழைக்காதது, ரத்தக்கசிவு ஆகியவற்றோடு, செடேஷன் மிகுந்து மூச்சடைத்ததும் ஒரு காரணமாகப் பதிவானது. 2019இல் கடின மூச்சுவழிச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் இம்முறையை நான்கு உறுப்புகளாகப் பிரித்தது: செடேஷன், மரப்பு, ஆக்சிஜன், செய்முறை. நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்த சுருக்கத்தில் செடேஷனுக்குரியதை மட்டும் சிறிய எழுத்தில் அச்சிட்டது. அது கட்டாயம் இல்லை என்பதைப் படிப்பவர் மறக்காதிருக்க. கொடுப்பதானால் மிகக் குறைவாகக் கொடுக்க வேண்டும். குழாய் விடுபவர் அல்லாத இன்னொருவர் அதைக் கவனிக்க வேண்டும். மரப்பின் குறையை ஈடுகட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது.

செடேஷனுக்கு இடமே இல்லை என்று வாதிடுவதும் தவறாகும். இதயத் தமனி நோய் உள்ளவருக்குப் பதற்றத்தில் துடிப்பு ஏறினால் நெஞ்சுவலி வரலாம். முன்பு ஒருமுறை மோசமாகக் குழாய் விட்டு மிரண்டுபோனவரைப் பேச்சால் மட்டும் தேற்ற முடியாமல் போகலாம். மூச்சு சீராக இருக்கும் இத்தகையவர்களுக்கு மிடாசோலம் அரை முதல் ஒரு மில்லிகிராம், அல்லது மெதுவாக ஏற்றிய டெக்ஸ்மெடிடோமிடின், இரண்டில் ஒன்று மட்டும், உதவியாக இருக்கும். அளவுகோல் எண்ணில் இல்லை. நோயாளியின் வாயில் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வர வேண்டும். ‘மூச்சை இழுங்க’ என்றால் இழுக்க வேண்டும். இழுத்த மூச்சில்தான் நாக்கின் அடி விலகிக் குரல்வளை ஸ்கோப்பின் கண்ணுக்குத் தெரிகிறது. தூங்கிப்போனவரின் தொண்டை மூடிக் கிடக்க, சிவந்த சவ்வைத் தவிர வேறு எதுவும் தெரியாது. செடேஷன் கூடினால் குழாய் சுலபமாக இறங்கும் என்ற நம்பிக்கை, ஸ்கோப் வழியே பார்க்கும் இந்தக் காட்சியிலேயே உடைந்துவிடுகிறது.

வெளிநாட்டு முறைகளை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அங்கே செடேஷனுக்கு அதிகம் பரிந்துரைக்கப்படும் ரெமிஃபென்டனில், கணினிக் கணக்கில் ஓடும் பம்ப் வழியே ஏறி, நிறுத்திய சில நிமிடங்களில் கலைந்துபோவது, இருமலையும் அடக்குவது. மாவட்ட அரசு மருத்துவமனையின் மருந்து அலமாரியில் அந்த மருந்தும் பம்பும் எதிர்பார்க்கக்கூடியவை அல்ல. அதற்குப் பதிலாகக் கையில் இருக்கும் ஃபென்டனிலையும் மிடாசோலத்தையும் சிரிஞ்சால் தள்ளுவது, அந்த முறையைப் பின்பற்றுவது ஆகாது. லிக்னோகெய்னோ எந்தத் தாலுகா மருத்துவமனையிலும் இருக்கிறது. வசதி குறைந்த இடத்துக்குத்தான் செடேஷன் அவசியம் என்று சொல்வது நிலைமையைத் தலைகீழாகப் பார்ப்பது. இரண்டாவது மயக்க மருத்துவர் இல்லாத, கரியமில வாயுவைக் காட்டும் திரை இல்லாத இடத்தில்தான் செடேஷன் மிக ஆபத்தானது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்பியும் பயனில்லை. மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்ற பிறகும் அது சில நிமிடம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆக்சிஜனை நிறுத்தச் சொல்வதாக இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அகில இந்திய கடின மூச்சுவழிச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் குழாய் விடும் முயற்சி நெடுகிலும் மூக்கு வழி ஆக்சிஜன் ஓட வேண்டும் என்றே கூறுகிறது. மூச்சைப் பார்க்க வேண்டியது கண்ணும் காதும் கரியமில வாயுக் கோடும் என்பதே செய்தி.

செய்ய முடியாத இடத்தில் செய்யாமல் அனுப்புவதும் சிகிச்சைதான். காரைக்குடியிலிருந்து சிவகங்கையோ மதுரையோ போக 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பயணத்துக்கு நோயாளியை ‘அமைதியாக’ அனுப்ப ஊசி போடும் வழக்கம் இருந்தால் அது இன்றே நிற்க வேண்டும். ஓடும் வண்டியில், படுத்த நிலையில், இரவில், அரைத்தூக்கத்தில் இருக்கும் சுருங்கிய தொண்டையை யாராலும் காப்பாற்ற முடியாது. உட்காரவைத்து, ஆக்சிஜனோடு, விழித்த நிலையில், சேருமிடத்து மயக்க மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும்.

வீடியோ லாரிங்கோஸ்கோப் வந்தபின் இந்த விவாதமே பழசாகிவிட்டது என்பவர்களுக்குச் சுருக்கமான பதில் போதும். ஒரு விரல் திறக்கும் வாயில் அதன் தகடு நுழையாது. நுழையும் வாயில், விழித்திருப்பவருக்கும் அதைப் பயன்படுத்தலாம். நல்ல பலனும் கிடைக்கிறது. அங்கும் தொண்டை அதே முறையில் மரக்க வேண்டும். குழந்தைகள் கதை வேறு. தாடை மூட்டு ஒட்டிப்போன ஐந்து வயதுப் பிள்ளையிடம் பேசிப் புரியவைக்க முடியாது. அவர்களுக்குத் தாமே மூச்சுவிடும்படி வைத்துக்கொண்டு வாயு மயக்கத்தில், அதற்கென்ற ஆளும் கருவியும் உள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். அதை உதாரணம் காட்டிப் பெரியவர்களையும் தூங்கவைப்பது பொருந்தாது.

குழாய் இறங்கியதும் ஸ்கோப்பின் வழியே மூச்சுக்குழலின் வளையங்களும் அது இரண்டாகப் பிரியும் இடமும் கண்ணில் பட வேண்டும்; திரையில் கரியமில வாயுக் கோடு ஏறி இறங்க வேண்டும். இரண்டும் உறுதியானபின், அதற்கு முன்னால் ஒரு நொடிகூட இல்லை, ஆச்சி தூங்கலாம். அறுவை முடிந்து வீடு திரும்பும்போது அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் நான்கு வரி இருக்க வேண்டும்: வாய் எவ்வளவு திறந்தது, எந்த மூக்கு வழியாக எத்தனையாம் எண் குழாய் போனது, லிக்னோகெய்ன் எவ்வளவு, செடேஷன் கொடுக்கப்பட்டதா, எவ்வளவு. வாய்ப்புற்று நோயாளிக்குப் பெரும்பாலும் இரண்டாம் அறுவை வரும். அப்போது வேறு ஊரில் வேறு மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் தொடங்குவார்.